அத்தியாயம் 7: வேலை நேரத்துக்குள்ளேயே ஒரு வகுப்பு

சின்னமனூர் பார்வை மையத்துக்குள் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது கண் ஆறு மாதமாக மங்கல். மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற கண் பணியாளர் ஒருவர்தான் இருக்கிறார். வருகிறவர்கள் அவரை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்வையை அளக்கிறார். கண்ணாடிப் பவர் பார்க்கிறார். ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கொளியில் கண்ணின் முன்பகுதியை நிதானமாகப் பார்க்கிறார். கண் அழுத்தத்தை அளந்து, படமும் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிகிறார். இன்ன கோளாறாக இருக்கலாம் என்ற தன் கணிப்பையும் சேர்க்கிறார்.

அடுத்த சில நிமிடங்களில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் திரையில் வருகிறார். பதிவைப் படிக்கிறார், தோட்டக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். பிறகு சிஸ்டரிடம் திரும்புகிறார். புரை எந்த அளவு முற்றியிருக்கிறது? அழுத்தம் இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல இருக்கிறதா? படம் தெளிவில்லை, இன்னொன்று எடுக்க முடியுமா? சிஸ்டரின் கணிப்பு சரியென்றால் அங்கேயே உறுதியாகிறது. எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால், நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வைத்தியம். உள்ளே நடப்பது வைத்தியமும் வகுப்பும். ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பாடம். தனியாக அரங்கம் பிடிக்கவில்லை, பயிற்சியாளரை வரவழைக்கவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. இந்த நூல் பேசும் ‘வேலையோடு கற்றல்’ என்ன என்பதற்குத் தேனி மாவட்டத்தில் இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பெரியகுளம் சாலையில் ஒரு பள்ளிக்கூடம்

தேனி நேரு சிலை சிக்னலில் மதுரை, கம்பம், பெரியகுளம் சாலைகள் மூன்றும் கூடுகின்றன. அதில் பெரியகுளம் சாலையில் போனால், சின்னமனூர் பார்வை மையத்தை நடத்தும் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய நிறுவனம் அது. தேனிக் கிளை 1985-ல் வந்தது. அரவிந்தை அவர் தொடங்கியது அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் புதிதாகப் பழக்கிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவர் அவர்.

உலகெங்கும் ஒரே தரத்தில் பண்டம் விற்கும் மெக்டொனால்ட்ஸ் அவரை வியக்க வைத்தது. எந்த ஊரில், யாரை வேலைக்கு எடுத்தாலும் ஒரே மாதிரி செய்யப் பழக்க முடிகிறது என்றால், கண்புரை சிகிச்சையை அப்படிச் செய்ய முடியாதா என்று கேட்டார். அதற்கான பதிலை அரவிந்த் கிராமத்துப் பெண் பிள்ளைகளிடம் கண்டது. பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டுகள் பழக்குகிறார்கள். முதல் சில மாதங்கள் கண்ணின் அமைப்பு, சுத்தம், நோயாளியிடம் பேசும் முறை போன்ற அடிப்படைகள். அதன்பின் பவர் பார்ப்பது, அறுவை அரங்கு, வார்டு, ஆலோசனை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. மீதிக் காலம் முழுக்க மூத்த சிஸ்டரின் பக்கத்தில் நின்று, அவர் கண்காணிப்பில், நிஜ நோயாளிகளோடு வேலை.

அறுவை அரங்கைக் கவனித்தால் இது இன்னும் விளங்கும். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும், அடுத்த அறுவை தொடங்கிவிடும். அங்கே ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் செய்ய முடிவது இதனால்தான். படிகள் மாறுவதில்லை, அதே வரிசை, அதே கருவி, அதே இடம். ஒரே வேலையைச் சரியான முறையில், தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, நூறு முறை செய்கிற பெண்ணுக்கு அது கைப்பழக்கமாகிவிடுகிறது.

ஒருநாள் வகுப்பு ஏன் ஒட்டுவதில்லை

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முடிவுகளை 1885-ல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை மண்டபம் பிடித்து, மதியச் சாப்பாடு போட்டு, புரொஜெக்டரில் படம் காட்டி அனுப்பும் பயிற்சி ஏன் மறு வாரமே கரைந்துபோகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் கற்பது ஓரிடம், தவறு நடப்பது வேறிடம். திங்கட்கிழமை பில் போடுவதில் நடந்த தவறு மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது தெரிந்தால், அதைச் செய்தவருக்கு அன்று என்ன நினைத்தோம் என்பதே நினைவிருக்காது. திட்டு மட்டும் மிஞ்சும்.

சின்னமனூர் சிஸ்டருக்கும் அந்த பில் போடுபவருக்கும் உள்ள வேறுபாடு புத்திசாலித்தனத்தில் இல்லை. ஒருவருக்குத் திருத்தம் சில நிமிடத்தில் வருகிறது, மற்றவருக்கு முப்பது நாள் ஆகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் ஒரே வேலை. கீழே வரும் ஐந்து ஏற்பாடுகளும் அதற்காகவே.

ஒன்று: வேலையைப் பிரித்து எழுதுவது

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டுப் பெண்களும் விவசாயிகளும் எந்திரங்களின் முன் வந்து நின்றார்கள். அவர்களை விரைவாகப் பழக்க 1940-ல் ஓர் அரசுத் திட்டம் தொடங்கியது. ‘தொழிலுக்குள் பயிற்சி’ என்பது அதன் பெயர். மேற்பார்வையாளர்களுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் பத்தே மணி நேரம். 1945-ல் திட்டம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் அதே முறை ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு அடித்தளமானது.

அதன் உயிர்நாடி ஒரு தாள்தான். இன்று வழங்கும் வடிவத்தில் அந்தத் தாளில் மூன்று பத்தி: படி என்ன, அதில் கவனிக்க வேண்டியது எது, ஏன். மருந்துக்கடையில் மருந்தாளுநர் தன் உதவியாளருக்கு எழுதிக் கொடுத்தால் அது இப்படி இருக்கும்.

படி: அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துச் சீட்டின் பக்கத்தில் வைக்க வேண்டும். கவனம்: பெயரையும் மில்லிகிராம் அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஏன்: ஒரே பெயரில் இரண்டு மூன்று அளவுகளில் மாத்திரை உண்டு, கண் பழகிய பெயரைப் பார்த்ததும் எண்ணைத் தாண்டிவிடும்.

படி: காலாவதித் தேதி பார்க்க வேண்டும். கவனம்: அட்டையை வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும், தேதி உள்ள ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். ஏன்: தேதிப் பகுதி போய்விட்டால், மிச்ச மாத்திரை எப்போது காலாவதி என்று அடுத்த வாடிக்கையாளருக்குச் சொல்ல முடியாது.

மருந்தாளுநரின் சரிபார்ப்பை இந்தத் தாள் ரத்து செய்யாது. அது எப்போதும்போல் நடக்கும். ஆனால் ‘ஏன்’ என்ற மூன்றாவது பத்தியைப் படித்த உதவியாளர், தாளில் எழுதாத சிக்கல் வரும்போதும் யோசித்து முடிவெடுப்பார்.

தாள் தயாரானதும் கற்றுக்கொடுப்பதற்கு நான்கு கட்டம். ஆளை இயல்பாக்கி, இந்த வேலை ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேட்பது. செய்து காட்டுவது. அவரையே செய்யவைத்து, செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லச் சொல்வது. தனியே விட்டு, அவ்வப்போது வந்து பார்ப்பது. பெரும்பாலான கடைகளில் இரண்டாவது கட்டத்தோடு பயிற்சி நின்றுவிடுகிறது. ‘பாத்துக்கிட்டில்ல? இனி நீ செய்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரண்டு: பக்கத்தில் இருப்பவர் கற்றுக்கொடுப்பது

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சல்லடை பருமனைப் பிரித்துவிடும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு தரம், அதற்குக் கீழ் வேறு தரம். நிறத்தைச் சல்லடை பிரிக்காது. வெளுத்தது, வெடித்தது, பூச்சி பட்டது எல்லாவற்றையும் கண்ணும் விரலும்தான் ஒதுக்க வேண்டும். எந்தப் பச்சை நல்ல பச்சை என்று கேட்டால் அவர்களால் வார்த்தையில் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, புதியவர் ஒதுக்கிய குவியலைக் கலைத்து, “இது அந்தப் பக்கம் போகணும்த்தா” என்று எடுத்துப் போட்டுக் காட்ட முடியும். இந்தத் திறமையைக் கைமாற்ற வேறு வழியே இல்லை.

ஆகவே கற்றுக்கொடுப்பவர் அதே மேஜையில் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள் முக்கியம். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கு அன்றைய இலக்கைக் குறைக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குபவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவிடும் நேரம் அவருடைய சொந்தக் காசு. அதை முதலாளி ஈடுகட்டாவிட்டால் எந்த அக்காவும் வாயைத் திறக்க மாட்டார். அடுத்தது, நன்றாக வேலை செய்பவரெல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நினைக்கக்கூடாது. பொறுமையுள்ளவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன நான்கு கட்டத்தையும் அவருக்கு முதலில் பழக்க வேண்டும்.

தூரத்து நிபுணரை நம்பியிருப்பதால் வரும் சிக்கலையும் தேனி பார்த்திருக்கிறது. 2000-களின் நடுவில் அரவிந்தின் தேனி ஆஸ்பத்திரியை அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இங்கே குறிப்பிடும் அம்பாசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையில் உள்ளது அல்ல. தேனிப் பக்கத்துக் கிராமம். மின்சார ஏற்ற இறக்கம் கருவிகளைப் படுத்தியெடுத்தது. ஒவ்வொரு பழுதுக்கும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியாது. இணைப்பு நிலைத்து நிற்க வேண்டுமானால், எந்த விளக்கு எரிகிறது, எந்த ஒயர் கழன்றிருக்கிறது என்று அந்தந்த மையத்தில் இருப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது தெளிவானது. பராமரிப்பு வேலை படிப்படியாக உள்ளூர்க் கைகளுக்கு வந்தது.

மூன்று: முதல் பத்து நிமிடம்

ஷட்டர் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிய பிறகு முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் எல்லாக் கடைக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. மில்லாக இருந்தால் ஷிப்ட் மாறும் நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம் பேச வேண்டும். ஜவுளிக்கடை என்றால் திங்களன்று புதிதாக வந்த சேலையின் நூல் ரகம், செவ்வாயன்று அதைத் துவைக்கும் முறை, புதனன்று வாடிக்கையாளர் அதிகம் கேட்கும் ஒரு கேள்வி.

முதலாளியே பேசிக்கொண்டிருந்தால் அது பிரசங்கமாகிவிடும். இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று சுற்றிவர வேண்டும். பேசப்போகிறவர் முந்தின நாளே தயாராவார்; அந்தத் தயாரிப்பில் அவர் கற்பதுதான் அதிகம். எபிங்ஹாஸ் கண்டதை மறக்காமல், திங்களன்று பேசியதை அடுத்த திங்கள் இரண்டு கேள்வியாகத் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு தடவை.

நான்கு: தவறு நோட்டு

அரவிந்தில் அறுவை சிகிச்சையில் சிக்கல் ஏற்பட்டால் அதைப் பதிவு செய்கிறார்கள். யார் செய்த சிகிச்சையில் என்ன ஆனது, பார்வை எவ்வளவு திரும்பியது என்ற கணக்கு இருக்கிறது. அதை வைத்து உட்கார்ந்து பேசுகிறார்கள். மூத்தவரின் கணக்கும் அதில் அடக்கம். சின்ன நிறுவனத்துக்கு இதன் எளிய வடிவம் நாற்பது பக்க நோட்டு ஒன்று. என்ன தவறு, எப்போது தெரிந்தது, எப்படிச் சரி செய்தோம், இனி வராமல் இருக்க என்ன மாற்றினோம் என்று நான்கு வரி.

இந்த நோட்டு பிழைப்பதும் சாவதும் முதல் வாரத்தில் முடிவாகிவிடும். அதில் எழுதியவரின் சம்பளத்தில் ஒரே ஒரு தடவை பிடித்தம் செய்தால் போதும். அப்புறம் யாரும் எழுத மாட்டார்கள், தவறுகள் மட்டும் தொடரும். முதல் தவறை முதலாளி தன் கையால் தன் தவறாக எழுதுவது நல்ல தொடக்கம். தேதி தவறிய ஆர்டர், தப்பான கொட்டேஷன் என்று தேடினால் ஏதாவது கிடைக்கும்.

ஐந்து: ஏறுவதற்கு ஒரு படி

கட்டட வேலையில் சித்தாளாக வந்து கலவை சுமக்கும் பையன், கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்து நாலு செங்கல் வைத்துப் பார்ப்பான். தூக்குக்குண்டு பிடிப்பான், ரசமட்டம் பார்ப்பான். கை பழகினால் கொத்தனார் ஆகலாம், கூலி கூடும் என்று அவனுக்குத் தெரியும். அவனை யாரும் வகுப்புக்கு அனுப்பவில்லை.

கற்றால் என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் கற்றுக்கொள்ளச் சொல்வது வீண். எந்த ஐந்து வேலைகள் தெரிந்தால் அடுத்த நிலை, அதற்குச் சம்பளம் எவ்வளவு கூடும் என்று எழுதி எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஊழியர் பெயர் ஒரு பக்கம், வேலைகள் மறுபக்கம் என்று கட்டம் போட்டு, பார்த்துச் செய்கிறார், தனியே செய்கிறார், சொல்லிக்கொடுக்கிறார் என்று மூன்று குறி இட்டால் போதும். யார் விடுப்பு எடுத்தால் எந்த வேலை நின்றுபோகும் என்பதும் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

‘கத்துக்கொடுத்தா போயிருவாங்களே?’

முதலாளிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான பயமும்கூட. தேனியில் பழகியவரைத் திருப்பூரும் கோவையும் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொள்கின்றன.

அரவிந்த் சிஸ்டர்களிலும் கணிசமானவர்கள் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகிப் போகிறார்கள். அதற்காகப் பயிற்சியைக் குறைக்கவில்லை. போவார்கள் என்று தெரிந்தேதான் தொடர்ந்து புதியவர்களை எடுத்து, மூத்தவர்களைக் கொண்டு பழக்குகிறார்கள். யாரோ ஒருவர் கையில் மட்டும் வேலை முடங்கிவிடாதபடி முறை எழுத்தில் இருக்கிறது. கற்றுக்கொடுக்காத கடையிலிருந்தும் ஆட்கள் போகத்தான் செய்கிறார்கள். போகும்போது தொழில் நுணுக்கத்தையும் கூடவே கொண்டுபோய்விடுகிறார்கள், பின்னால் வருபவருக்கு ஒரு தாள்கூட இருப்பதில்லை.

சம்பள நேரமும் சட்டமும்

கற்றல் சம்பள நேரத்துக்குள் நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கடையடைத்த பிறகு ‘அரை மணி நேரம் மீட்டிங்’ என்று நிறுத்திவைத்தால், கடைசிப் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பெண்ணின் காதில் எதுவும் ஏறாது. அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையும் இல்லை.

புதியவர்களை முறைப்படி தொழில் பழகுநராகச் சேர்க்க 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் வழி செய்கிறது. 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் சேரலாம். 2016-ல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு வந்தது. தற்போதைய விதிகளை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இது எட்டாத உதவியில்லை.

முதல் மாதம்

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கினால் பத்து நாளில் ஓய்ந்துவிடும். முதல் வாரம் அதிகத் தவறு நடக்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை நன்றாகச் செய்பவரோடு உட்கார்ந்து மூன்று பத்தித் தாளை எழுத வேண்டும். இரண்டாம் வாரம் அந்தத் தாளை வைத்து ஒரே ஒருவருக்கு நான்கு கட்டமும் முழுதாகச் செய்து பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளில்தான் குறை; திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரம் காலைப் பத்து நிமிடம். நான்காம் வாரம் நோட்டு. சம்பளப் படிகளை இரண்டாம் மாதம் எழுதினால் போதும், அதற்குள் எந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்திருக்கும்.

மாதக் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மாதம் நடந்த தவறுகளில் எத்தனை அன்றைக்கே தெரியவந்தன? அந்த எண் கூடினால் ஏற்பாடு வேலை செய்கிறது.

தேனி அல்லிநகரத்தில் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் இதற்காக வெளியூர் போய்ப் பார்த்துவர வேண்டாம். பக்கத்துப் பார்வை மையத்துக்கு ஒரு நாள் காலையில் போய், வீட்டுப் பெரியவரின் கண்ணைக் காட்டிவிட்டு, சிஸ்டர் டாக்டரிடம் பேசும் அந்தச் சில நிமிடங்களைக் கவனியுங்கள். திரும்பி வந்து, உங்கள் கடையில் அதேபோல் உடனுக்குடன் திருத்தம் கிடைக்க வேண்டிய ஒரு வேலையின் பெயரைத் தாளில் எழுதுங்கள். முதல் வாரம் அங்கிருந்து தொடங்கட்டும்.